மாலை சூடும் நாய்கள்: காட்மாண்டுவில் திஹார் ஐந்து நாள்

முதல் நாள்: காக் திஹார்

நமக்குத் தீபாவளி எந்தத் தேய்பிறைச் சதுர்த்தசியோ, நேபாளத்தில் அதே சதுர்த்தசிதான் நாய்களின் நாள். நம் வீடுகளில் விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து முதல் வெடியைக் கொளுத்துகிற நேரத்தில் நாய் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். இங்கே அதே காலையில் அதற்கு நெற்றியில் திலகமும் கழுத்தில் மாலையும். திஹார் என்ற ஐந்து நாள் பண்டிகையின் இரண்டாம் நாளான குகுர் திஹாரைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

தேதி தெரிய நேபாளப் பஞ்சாங்கத்தைத் தேட வேண்டாம். தினசரி காலண்டரில் தீபாவளியைப் பார்த்து, அதற்கு இரண்டு நாள் முன்பே காட்மாண்டு சேர்கிற மாதிரி டிக்கெட் போட்டால் போதும். திதி குறுகி வரும் ஆண்டுகளில் நாய்ப் பூஜையும் லட்சுமி பூஜையும் ஒரே நாளில் விழும். 2025 அக்டோபர் 20 அப்படித்தான் வந்தது: காலையில் நாய்க்கு மாலை, மாலையில் லட்சுமிக்கு விளக்கு.

விமானம் என்றால் பெரும்பாலும் டெல்லி வழி. ரயில் பிரியர்கள் ராப்திசாகர் எக்ஸ்பிரஸில் கோரக்பூர் வரை போய், அங்கிருந்து சுனௌலி எல்லையைத் தாண்டி பைரஹவாவில் பஸ் ஏறலாம். புட்வல், நாராயண்கர், முக்லிங் என்று மலைச்சாலையில் ஒரு முழுப் பகலோ முழு இரவோ போய்விடும். பண்டிகைக்கு ஊர் திரும்பும் கூட்டத்தில் எதிர்த்திசை பஸ்கள்தான் நிரம்பியிருக்கும் என்றாலும், சாலை எல்லோருக்கும் ஒன்றுதான். இந்தியர்களுக்கு விசா இல்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். விமானத்துக்கு ஆதாரை நம்பிப் போக வேண்டாம். கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னே தள்ளிவையுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியமாகக் கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தெருநாய்களைத் தொட்டுத் திலகம் வைக்கும் எண்ணம் இருந்தால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் இப்போது சொல்லும் அட்டவணைப்படி இரண்டே ஊசி: தொடங்கும் நாளில் ஒன்று, அதிலிருந்து ஏழு நாள் கழித்து ஒன்று. இதைப் போட்டவருக்குப் பின்னால் கடி விழுந்தாலும், அன்று ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று என இரண்டு ஊசியோடு வேலை முடியும்; இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புச் சீரம் தேவைப்படாது. போடாதவருக்கு ஐந்து ஊசி வரை நீளும், தோல் கிழிந்து ரத்தம் வந்த கடிக்கு அந்த விலையுயர்ந்த சீரமும் சேரும். ஊசி போட்டாயிற்று என்பதற்காகக் கடித்த பிறகு சும்மா இருந்துவிடக் கூடாது.

இன்றைய நாள் காகங்களுக்கு. எமனின் தூதர் என்று காகத்தைப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. மொட்டைமாடியில் கா, கா என்று கூப்பிட்டுச் சோறு வைப்பவர்கள்தானே நாம். இங்கே குங்கிலிய மரத்தின் இலையில் தைத்த தொன்னைகளில் சோறும் பலகாரமும் கூரை மேல் வைக்கிறார்கள். விடிந்து சிறிது நேரத்தில் முடிந்துவிடுகிறது. மீதி நாளெல்லாம் நாளைக்கான ஏற்பாடு.

அசன் கடைத்தெருவுக்குப் போனால் தரையெல்லாம் ஆரஞ்சு நிறம். சயபத்ரி என்று இவர்கள் சொல்வது நம் செண்டுமல்லி. பக்கத்திலேயே ஊதா நிறத்தில் குவிந்திருக்கும் மக்மலியைப் பார்த்ததும் தெரிந்துவிடும், நம் வாடாமல்லியேதான். அது ஐந்தாம் நாளுக்கு. நாய்க்குச் செண்டுமல்லி.

கடையில் தொங்கும் மாலைகள் மனிதருக்கோ வாசலுக்கோ கட்டியவை. நாய்க்கு நீளம் அதிகம், நூலும் சரியில்லை. பல மாலைகள் நைலான் நூலில் கோத்தவை. நைலான் மாலை வேலிக்கம்பியிலோ படிக்கட்டுக் கைப்பிடியிலோ மாட்டிக்கொண்டால் அறுந்து விழாது, கழுத்தை இறுக்கும். பூவோடு சேர்த்து நாய் அதை விழுங்கினால் நூல் குடலை மடிப்பு மடிப்பாகச் சுருக்கி இழுத்துவிடும். பிறகு அறுவை சிகிச்சைதான். உதிரிப்பூ வாங்கி ஒற்றை இழைப் பருத்தி நூலில் நீங்களே கோப்பது உத்தமம். கோத்த பின் இரு கைகளால் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், அறுந்துவிட வேண்டும். அறாவிட்டால் அந்த நூல் நாய்க்கு ஆகாது.

நடுத்தர அளவுத் தெருநாயின் கழுத்துச் சுற்றளவு 35 முதல் 45 சென்டிமீட்டர் இருக்கும். அதோடு 20 சென்டிமீட்டர் கூட்டிக்கொண்டால் மாலை மார்பின் மேல்பாதியில் நிற்கும். அதற்கு மேல் நீண்டால் நாய் தலை குனியும்போது முன்கால் மாலைக்குள் நுழைந்து தடுக்கும். 60 சென்டிமீட்டர் மாலைக்குச் சிறிய பூவாக 20 முதல் 25 பிடிக்கும். காம்பை ஒட்ட நறுக்கிவிட்டு, இதழுக்கு அடியில் இருக்கும் பச்சைக் குமிழின் நடுவே ஊசியை ஏற்றுங்கள். இதழில் குத்தினால் நாய் ஒரு தரம் உடம்பை உதறியதுமே பாதிப் பூ தரையில் கிடக்கும். இரு முனையிலும் ஒரு சாண் நூலை விட்டுவையுங்கள். ஏன் என்பது நாளைக்குப் புரியும்.

வீட்டு நாய்க்குக் குளியல் இன்றே. பூஜை அன்று காலையில் குளிப்பாட்டினால் ஈரம் காயாமல் நடுங்கும். மலைக்காற்றில் காலை நேரத்துக் குளிர் நம் மார்கழியை விடக் கூடுதல். குளித்த நாய் முதல் வேலையாக மண்ணில் புரளும் என்பதும் நாய் வளர்ப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாம் நாள்: குகுர் திஹார்

காட்மாண்டுவை ஒட்டிய பாட்டன் நகரின் பழைய வீதிகள் மாதிரி நெருக்கமான சந்துகள், நடுவே சதுர முற்றம், சுற்றிலும் மூன்று நான்கு அடுக்கு வீடுகள். இந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் மக்களின் குடியிருப்பு இப்படித்தான். இந்த நாளை அவர்கள் மொழியில் கிச்சா பூஜா என்கிறார்கள். முற்றத்து நாய்க்குத் தனிச் சொந்தக்காரர் இருப்பதில்லை, முற்றமே சொந்தம். இன்று காலை அதன் நெற்றியில் ஒரு வீட்டுத் திலகம் காய்வதற்குள் அடுத்த வீட்டுத் தட்டு இறங்கி வருகிறது.

நாய் எமனின் வாசல் காவல் என்பது நம்பிக்கை. ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் எமனுடைய இரண்டு நாய்கள் வருகின்றன. நான்கு கண் உடையவை, சரமை என்ற தேவநாயின் வழி வந்தவை. நான்கு கண் என்றதும் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். இந்த ஊர்த் தெருக்களில் கறுப்பு உடம்பும் பழுப்புக் கால்களுமாகத் திரியும் நாய்களின் புருவத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் மேலே ஒரு பழுப்புப் பொட்டு. தூங்கும்போதும் விழித்திருப்பது போலவே தெரியும். காவலுக்கு இதைவிடப் பொருத்தமான முகம் ஏது? மகாபாரதத்தில் நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்தில் நுழைய மாட்டேன் என்று தருமர் நின்ற கதையையும் இன்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். நம் பங்குக்கு, சிவன் கோயில்களில் பைரவருக்குப் பின்னால் நிற்கும் நாயைச் சொல்லலாம். அதைவிடப் பழையது தண்டராம்பட்டு அருகே எடுத்தனூரில் உள்ள நடுகல். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. கால்நடைகளைக் காத்து மாண்ட வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். எத்தனையோ மன்னர்களின் பெயரே தேய்ந்துபோன பிறகும், 1,400 ஆண்டு கழித்து ஒரு நாயின் பெயர் படிக்கக் கிடைக்கிறது.

பூஜைத் தட்டில் இருப்பவை: அபிர் என்ற சிவப்புப் பொடி, அரிசி, தயிர், பூ, அகல், ஊதுபத்தி, சாப்பாடு. பல வீடுகளில் செய்யும் வரிசை, கால்களில் நீர் தெளிப்பது, திலகம், மாலை, விளக்கு காட்டுவது, கடைசியில் சாப்பாடு. கடவுளுக்கு இந்த வரிசை சரி. நாய்க்குச் சரிவராது. கோழி வாசனை மூக்கில் ஏறிய பிறகு அது தட்டைத் தவிர வேறு எதையும் பார்க்காது. திலகம் வைக்கிற கையை முட்டித் தள்ளும், அகல் கவிழும். அனுபவமுள்ள வீடுகளில் வேறு மாதிரிச் செய்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டு கதவுக்கு உள்ளேயே இருக்கும். கையில் நாலைந்து சிறு இறைச்சித் துண்டு மட்டும். ஒன்றைக் கொடுத்து உட்காரவைத்து, திலகம். இன்னொன்று, மாலை. அதன் பிறகே தட்டு வெளியே வரும்.

திலகத்துக்குப் பொடியைத் தயிரில் அரிசியோடு குழைத்துக்கொள்ள வேண்டும். உலர்பொடியாகத் தூவினால் கண்ணில் விழும், நாய் காலால் தேய்க்கும், கருவிழியின் மேல்பரப்பு கீறிப்போகும். நாலு தேக்கரண்டி அரிசிக்கு ஒரு தேக்கரண்டி கெட்டித் தயிரும் ஒரு சிட்டிகை பொடியும் போதும். தயிர் நீர்த்திருந்தால் நெற்றியிலிருந்து மூக்குக்கு வழியும், நாய் நக்கிவிடும். மலிவான சிவப்புப் பொடிகளில் ஈயம் கலந்தவை உண்டு என்பதால் சமையலுக்கான நிறமியையோ பீட்ரூட் சாற்றையோ பயன்படுத்துவது நல்லது. வைக்கும் இடம் இரு கண்களுக்கும் நடுவே அல்ல, அதற்கு இரண்டு விரல் மேலே, எலும்பு மேடான நெற்றியில். வெள்ளை நாயாக இருந்தால் சிவப்புக் கறை ஒரு வாரமாவது நிற்கும். அதைப் பற்றி இங்கே யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை, திலகம் தெரிய வேண்டும் என்றுதானே வைக்கிறார்கள்.

மாலை. மனிதருக்குப் போடுகிற மாதிரி தலைக்கு மேலே தூக்கி நேராகக் கொண்டுபோனால் பழக்கமில்லாத நாய்க்கு அது அடிக்க ஓங்கிய கை. நேற்று இரு முனையிலும் ஒரு சாண் நூல் விடச் சொன்னது இதற்குத்தான். நாய்க்குப் பக்கவாட்டில், அது பார்க்கும் திசையிலேயே நீங்களும் பார்த்து உட்காருங்கள். மாலையை மார்புக்கு முன்னே தாழ்வாகக் கொண்டுவந்து, இரு முனையையும் கழுத்தின் பின்புறத்தில் ஒற்றை முடிச்சாகப் போடுங்கள். இரட்டை முடிச்சு வேண்டாம், இழுத்தால் அவிழ வேண்டும். விளக்கும் ஊதுபத்தியும் அரை மீட்டராவது தள்ளியே இருக்கட்டும். அடர்ந்த வால் உள்ள நாய் சந்தோஷத்தில் வாலை ஆட்டினால் அகல் உயரத்துக்குத்தான் அது வரும். பௌத்நாத் ஸ்தூபியின் பக்கத்து வீடுகளில் தரையைத் தொடும் முடியோடு ல்ஹாசா அப்ஸோ என்ற திபெத்திய இன நாய்கள் உண்டு; அவற்றுக்கு விளக்கு காட்டவே வேண்டாம்.

தெருநாய்க்குப் பூஜை செய்ய விரும்பினால் முதலில் அதன் விருப்பத்தைக் கேட்டாக வேண்டும். கேட்கும் முறை இது. சுமார் இரண்டு மீட்டர் தள்ளிக் குனிந்து உட்கார்ந்து, கண்ணைப் பார்க்காமல், ஒரு துண்டைப் போடுங்கள். தின்றுவிட்டு அருகில் வந்தால் சம்மதம். தின்றுவிட்டு அங்கேயே நின்றால் இன்னும் இல்லை. உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, வாலை இடுக்குவது, இவையெல்லாம் வேண்டாம் என்பதன் மரியாதையான வடிவம். எல்லாவற்றையும் விட, மெல்லுவதை நிறுத்திவிட்டு உடம்பு அப்படியே உறைந்து நின்றால் கையை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். உறைவுக்கு அடுத்தது கடி. வால் ஆடுகிறதே என்று நம்ப வேண்டாம். விறைத்து உயர்ந்த வாலும் ஆடும். குட்டி போட்ட நாய், காயம்பட்ட நாய், தூங்குகிற நாய் மூன்றுக்கும் மாலை வேண்டாம், உணவை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஒரு முற்றத்தில் பாட்டி ஒருவர் இதையெல்லாம் எந்தப் புத்தகமும் இல்லாமல் செய்துகொண்டிருந்தார். பழுப்பு நிறக் கிழட்டு நாய், ஒரு காது கிழிந்தது. பேரன் மாலையோடு முன்னால் ஓடினான். "பாபு, பக்கத்தில் உட்கார்" என்று அவன் தோளை அழுத்தி உட்காரவைத்து, நாயின் மோவாய்க்கு அடியில் தன் விரலை நீட்டினார். நாய் விரலை முகர்ந்து, மோவாயை அவர் உள்ளங்கையில் வைத்தது. மறு கையால் திலகம். நாய் கண்ணைக்கூட மூடவில்லை. விரலில் ஒட்டியிருந்த தயிரை நக்கிச் சுத்தம் செய்துவிட்டு வாசற்படியில் படுத்துக்கொண்டது, மாலை ஒரு பக்கமாகச் சரிய.

சாப்பாட்டுக் கணக்குக்கு வருவோம். 15 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 750 முதல் 850 கிலோகலோரி. எலும்பும் தோலும் நீக்கிய வேகவைத்த கோழி 100 கிராம், சாதம் 150 கிராம் சேர்த்தாலே அதில் ஏறக்குறைய பாதி வந்துவிடும். வீட்டு நாய்க்கு இது ஒரு வேளை விருந்து. முற்றத்து நாய்க்கு இந்த அளவு கூடாது. பத்து வீட்டில் பத்துத் தட்டு வருகிறது என்பதை மறக்கக் கூடாது. ஒரு வீட்டுக்கு 30, 40 கிராம் இறைச்சியும் ஒரு பிடி சாதமும் போதும். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு கிடையாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்த எலும்பு கூர்மையாகப் பிளந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். பால் கிண்ணம் கிண்ணமாக வைக்கிறார்கள். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்கும் பாலின் சர்க்கரை செரிக்காது, சாயங்காலம் பேதி நிச்சயம். திஹாரின் அடையாளப் பலகாரமான ஸேல் ரொட்டி, அரிசிமாவும் சர்க்கரையும் நெய்யும் கலந்து வளையமாக எண்ணெயில் பொரித்தது. மனிதருக்கு அருமை, நாய்க்குக் கட்டைவிரல் அளவுத் துண்டு போதும். கொழுப்பு ஒரேயடியாக ஏறினால் கணையம் வீங்கும்.

இரண்டு நாய்களுக்கு ஒரே இடத்தில் தட்டு வைப்பதுதான் இன்று நடக்கும் சண்டைகளுக்கெல்லாம் தொடக்கம். குறைந்தது மூன்று மீட்டர் இடைவெளி, நடுவே ஒரு தூணோ வண்டியோ மறைவாக இருந்தால் இன்னும் நல்லது. மூத்த நாய்க்கு முதல் தட்டு. நாய் உண்ணும் முன் மாலையைக் கழற்றிவிடுங்கள், குனிந்தால் அது தட்டுக்குள் விழும். சண்டை மூண்டுவிட்டால் கையை நுழைக்காதீர்கள். வாளித் தண்ணீரை ஊற்றுங்கள், இல்லையென்றால் நடுவே ஒரு பலகையைத் தள்ளுங்கள்.

மகாராஜ்கஞ்சில் நேபாளப் போலீஸின் நாய்ப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. குகுர் திஹார் அன்று அங்கே நடக்கும் விழாதான் உலகப் பத்திரிகைகளில் வரும் படம்: வரிசையாக மாலையோடு ஜெர்மன் ஷெப்பர்டுகளும் லாப்ரடார்களும், பின்னால் சீருடையில் அவற்றைக் கையாளும் காவலர்கள். வெடிமருந்து, போதைப்பொருள் மோப்பம், இடிபாட்டில் ஆள் தேடுதல், நெருப்பு வளையத்தில் தாண்டுதல் எல்லாம் காட்டுகிறார்கள். வேலை செய்த நாய்களுக்குக் கௌரவமும் உண்டு. போவதற்கு முன் அனுமதி உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பார்க்கும்போது நெருப்பு வளையத்தை விட்டுவிட்டுக் காவலர்களின் இடது கையைக் கவனியுங்கள். கூட்டமும் கேமராவும் நெருங்கும்போதெல்லாம் அந்தக் கை நாயின் தோளுக்குப் போகிறது.

மூன்றாம் நாள்: பசுவும் லட்சுமியும்

காலையில் பசுவுக்குப் பூஜை, இருட்டியதும் லட்சுமி. வாசலில் கோலம், கோலத்திலிருந்து பூஜையறை வரை செம்மண்ணில் சிறு பாதச்சுவடுகள், படிக்குப் படி அகல். பெண்கள் கூட்டமாக வந்து பைலோ பாட்டுப் பாடிக் காசும் பலகாரமும் வாங்கிப்போகிறார்கள். கண்ணுக்கு இதுதான் திஹாரின் அழகான இரவு. நேற்று கழுத்தில் மாலை சூடிய நாய்க்கு இந்த இரவு அவ்வளவு அழகானதல்ல.

நேபாளத்தில் பட்டாசுக்குத் தடை உண்டு. ஆனாலும் இன்று இரவு வெடிக்கிறது. நம் ஊரோடு ஒப்பிட்டால் சிவகாசிக்காரர்கள் சிரிப்பார்கள் என்றாலும், நாயின் காதுக்கு அந்த வித்தியாசம் பெரிதல்ல. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸில் நின்றுவிடுகிறது, நாயின் காது அதைத் தாண்டி 45,000 வரை போகும். அதைவிடத் தொல்லை, வெடி எப்போது வரும் என்று தெரியாதது. இடிக்கு முன் காற்றும் மணமும் மாறும், வெடிக்கு முன்னறிவிப்பே கிடையாது.

தமிழ்நாட்டில் பட்டாசுக்கு அரசு கொடுத்திருக்கும் நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. யாரும் கடைப்பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம். திட்டம் போட அந்த நேரம் உதவும். நடையும் மலஜலமும் காலை ஐந்துக்குள்ளும், மாலை ஐந்துக்குள்ளும் முடித்துவிட வேண்டும். இரவுச் சாப்பாடும் வெளிச்சம் இருக்கும்போதே. பயந்த நாய் தின்னாது, தின்றாலும் கக்கிவிடும். தெருப்பக்கம் சுவரில்லாத உள்ளறை ஒன்றைத் தேர்ந்து, ஜன்னலுக்குக் கனத்த போர்வை, ஃபேன் முழு வேகம், டிவி சாதாரணச் சத்தம். கட்டிலுக்கு அடியிலோ பீரோ இடுக்கிலோ அது தேர்ந்துகொண்ட இடத்திலிருந்து இழுத்து வெளியே எடுக்கக் கூடாது. தடவிக் கொடுத்தால் பயம் அதிகமாகும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு, அது தவறு. உங்களிடம் வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள், வராவிட்டால் துரத்தாதீர்கள்.

மருந்து தேவைப்படும் நாய்களும் உண்டு. கதவைப் பிராண்டி நகம் பிய்த்துக்கொள்பவை, மாடியிலிருந்து குதிப்பவை. பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். ட்ராசடோன், கபாபென்டின் போன்றவற்றை எடை பார்த்து எழுதித் தருவார். அமைதியான ஒரு நாளில் ஒருமுறை கொடுத்துப் பார்த்து, எவ்வளவு நேரத்தில் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்ட பின்பே அந்த இரவுக்குக் கொடுக்க வேண்டும். அசிப்ரோமசின் என்ற மயக்கமருந்தை மட்டும் கொடுத்தால் உடம்பு அசையாது, பயம் அப்படியே இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நாய் அமைதியாகிவிட்டது போலத் தெரியும். மோசமான ஏற்பாடு அது. மனிதருக்கான தூக்க மாத்திரையை உடைத்துப் போடுவது அதைவிட மோசம்.

ஓடிப்போகும் நாய்களும் இந்த இரவில்தான் ஓடுகின்றன. கழுத்துப்பட்டையில் போன் நம்பர் இருக்கட்டும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாம், மூன்று நுழைந்தால் தலையைப் பின்னுக்கு இழுத்துக் கழற்றிவிடும்.

இன்னொன்று, அகல். இங்கே படிகளில் வைப்பது பெரும்பாலும் கடுகெண்ணெய் விளக்கு. அணைந்த அகலில் மிஞ்சிய எண்ணெயையும் பஞ்சுத் திரியையும் நாய்கள் நக்கித் தின்றுவிடும். நம் வீட்டு நெய்விளக்குக்கு இன்னும் ருசி. அணைந்ததும் எடுத்துவிடுங்கள்.

நான்காம் நாள்: பக்தபூர்

இன்று எருதுக்கும் கோவர்த்தனத்துக்கும் பூஜை. நேவார்களுக்கு இன்று புத்தாண்டு. கி.பி. 879-இல் தொடங்கும் நேபாள சம்வத்தின் முதல் நாள். இரவில் மண்டலம் வரைந்து அதன் முன் அமர்ந்து தன் உடலையே பூஜிக்கும் ம்ஹ பூஜை வீட்டுக்குள் நடப்பது. அழைப்பு இருந்தால் ஒழிய எட்டிப்பார்ப்பது முறையல்ல.

பகல் பக்தபூருக்கு. அரண்மனைச் சதுக்கத்தில் வத்சலா கோயிலை ஒட்டி ஒரு மணி உண்டு. நாய் குரைக்கும் மணி என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டு மல்ல மன்னர்கள் காலத்தது. இதை அடித்தால் சுற்றியுள்ள நாய்கள் ஊளையிடும் என்பதே பெயருக்குக் காரணம். 2015 நிலநடுக்கத்தில் கோயில் இடிந்து விழுந்து, பிறகு மீண்டும் எழுந்தது. வார்ப்பு மணியில் அடிநாதத்தோடு மேலே பல நாதங்கள் சேர்ந்து ஒலிக்கும். நீண்டு இழையும் ஒலிக்கு நாய் ஊளையால் பதில் சொல்வதை ஆம்புலன்ஸ் சைரனில் எல்லோரும் கேட்டிருப்போம். வலியால்தான் கத்துகிறது என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. வலி என்றால் காதை மடக்கிக்கொண்டு இடத்தை விட்டு ஓடும்.

ஊர் முழுக்க நாய்களின் நெற்றியில் இன்னும் சிவப்பு. வயிற்றின் பலன் தெரிவதும் இன்றுதான். அதிகம் தின்ற வீட்டு நாய் ஓரிரு முறை வாந்தியெடுத்துவிட்டுச் சுறுசுறுப்பாகவே இருந்தால், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் உணவை நிறுத்தி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பிறகு இரண்டு பங்கு குழைந்த சாதம், ஒரு பங்கு வெந்த கோழி, வழக்கமான அளவில் கால்வாசியாக நான்கு வேளை. குட்டிகளைப் பட்டினி போடக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். வாந்தி நிற்கவில்லை, மலத்தில் ரத்தம், வயிறு மத்தளமாக உப்பி, வாந்தி வருவதுபோல் குமட்டுகிறது ஆனால் எதுவும் வரவில்லை, முன்கால்களைத் தாழ்த்திப் பின்புறம் தூக்கி வில்லாக நிற்கிறது என்றால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. வயிறு உப்பிய பெரிய நாய்க்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. மலவாயில் மாலை நூல் தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே அது குடலை அறுத்துவிடும்.

திலகக் கறைக்கு வெதுவெதுப்பான நீரும் பஞ்சும் போதும், மண்ணெண்ணெயும் ஸ்பிரிட்டும் வேண்டாம்.

ஐந்தாம் நாள்: பாய் டீகா

சகோதரிகள் சகோதரர்களுக்கு ஏழு வண்ணத் திலகம் இட்டு, வாடாமல்லி மாலை போடும் நாள். வாசற்படியில் அக்ரூட் கொட்டையை உடைக்கிறார்கள். சகோதரர்களுக்குத் தட்டில் கிடைப்பது மசாலா என்ற உலர்பழக் கலவை: முந்திரி, பாதாம், கொப்பரை, கற்கண்டு, திராட்சை. அந்தத் திராட்சைதான் இந்த ஐந்து நாளிலும் நாய்க்கு மிக ஆபத்தான பண்டம். உலர்திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். எந்த நாய்க்கு எவ்வளவு தாங்கும் என்று கணிக்கவே முடியாது. தரையில் உருண்டதை நாய் எடுத்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் போக வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்தில் வாந்தியெடுக்கவைத்தால் பெரும்பாலும் பிழைக்கும்.

உடன்பிறந்தார் இல்லாதவர்களுக்காக ராணி போக்ரிக் குளத்து நடுவில் உள்ள பாலகோபாலேஸ்வரர் கோயில் இன்று ஒரு நாள்தான் திறக்கிறது. வரிசை நீளம்.

நகரத்தின் நாய்களுக்கு மாலை சூடும் நாள் தவிர மற்ற நாட்களில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் புடாநீல்கண்ட பக்கம் போகலாம். ஜான் சால்டர் (Jan Salter) என்ற பிரிட்டிஷ் ஓவியர் 2000-களின் தொடக்கத்தில் நிறுவிய காட்மாண்டு அனிமல் ட்ரீட்மென்ட் சென்டர் அங்கே உள்ளது. அதற்கு முன் தெருநாய்களைக் குறைக்க இந்த ஊரில் கையாண்ட வழி ஸ்ட்ரிக்னின் விஷம். இதே திஹார் கொண்டாடுகிற ஊரில்தான். பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே திரும்ப விடுவதுதான் இந்த மையத்தின் முறை. திரும்ப விடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நாயை அகற்றினால் குப்பையும் இடமும் காலியாகக் கிடக்கும், தடுப்பூசி போடாத புதிய நாய் அங்கே குடியேறும். காதில் சிறு வெட்டு இருக்கும் நாய் இப்படித் திரும்பியது. தெருநாய்க்குத் திலகம் வைக்கப் போகிறவர்கள் முதலில் காதைப் பார்ப்பது நல்ல பழக்கம். வெட்டு இருந்தாலும் அதன் தடுப்பூசி இந்த ஆண்டுவரை செல்லும் என்பதற்கு அது அத்தாட்சி அல்ல.

ஊர் திரும்பும் முன், இந்த ஐந்து நாளில் கடியோ கீறலோ பட்டவர்களுக்கு. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். காட்மாண்டுவின் டேக்கு பகுதியில் உள்ள சுக்ரராஜ் தொற்றுநோய் மருத்துவமனையில் வெறிநாய்க்கடி ஊசி போடுகிறார்கள். போட்ட ஊசியின் பெயர், தேதி, தசையிலா தோலிலா என்ற விவரம் மூன்றையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தசையில் தொடங்கினால் 0, 3, 7, 14, 28 என்று அட்டவணை. தோலில் போடும் இந்திய முறையில் 0, 3, 7, 28. சீட்டு இருந்தால் நம் ஊர் அரசு மருத்துவமனையில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கடித்தது யார் வீட்டு நாய் என்று தெரிந்தால் பத்து நாள் அதைக் கவனிக்கச் சொல்லி, அந்த வீட்டுப் போன் நம்பரையும் அதே சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொள்ளுங்கள்.